அக்கரையில் ஒரு சாட்சி

"கேட்டிருந்தா சொல்லியிருப்பேன் லா. யாரும் கேக்கலையே," என்றாள் குணவதி.

கெடாவின் குருண் ஊரில் அந்தத் தெருவின் கடைசிக்கு முந்தின வீடு அவளுடையது. கடைசி வீட்டுக்காரர் காளிதாசன், ஓய்வுபெற்ற ஆங்கில வாத்தியார், எழுபதைத் தாண்டியவர். சனிக்கிழமை காலை தன் பழைய ஹோண்டா மோட்டார் சைக்கிளில் கிளம்பிப் போனவர் திங்கட்கிழமை மதியம்வரை திரும்பவில்லை. கைப்பேசியை வீட்டிலேயே வைத்துவிட்டுப் போயிருந்தார். போலீஸ் வந்தது, கோயில் கமிட்டிக்காரர்கள் வந்தார்கள். வந்தவர்கள் எல்லோரும் குணவதியிடம் ஒரே கேள்வியைக் கேட்டார்கள்: வாத்தியார் எந்தப் பக்கம் போனார்? பெரிய ரோட்டுப் பக்கம் என்று இவள் கையைக் காட்டினாள். பெரிய ரோட்டில் நின்று தலையை நிமிர்த்தினால் குனோங் ஜெராய் மலை தெரியும். அவ்வளவுதான், ஊரே மலைக்கு ஏறிவிட்டது.

துப்பறியும் தொழில் செய்யும் உமாராணி கேட்டது வேறு கேள்வி. "மோட்டார் சைக்கிள்ல பின்னால என்ன கட்டியிருந்தாரு?"

"நாற்காலி. வாசல்ல கிடக்குமே, நீலக் கலர் பிளாஸ்டிக் நாற்காலி, அது. ஹெல்மெட்டும் கண்ணாடியும் போட்டுக்கிட்டு வழக்கம்போல கையாட்டிட்டுப் போனாரு."

"போலீசுகிட்ட இதச் சொன்னீங்களா?"

"அதான் சொல்றேனே. அவங்க கேக்கல."

உமாராணி ஷம்சுதீனைப் பார்த்தாள். அவளுடைய ஒரே உதவியாளனும் டிரைவருமான அவன், வேலியோரம் நின்று பீசாங் கோரேங், வாழைப்பழ பஜ்ஜிப் பொட்டலத்தைக் காலி பண்ணிக்கொண்டிருந்தான்.

"மலைக்குப் போறவரு நாற்காலிய எதுக்குத் தூக்கிட்டுப் போறாரு, ஷம்சு?"

"களைச்சுப் போனா உக்காரலாம்லக்கா. எங்க மாமா ஹஜ்ஜுக்கே ஸ்டூல் கொண்டு போனாரு."

"உங்க மாமா செருப்பு மாட்டுனாரா இல்லையா? இங்க பாரு, வாத்தியார் வாசல்ல மலையேறுற சப்பாத்து அப்படியே இருக்கு. ஜப்பான் சிலிப்பரோட போயிருக்காரு. இது ஏறப் போன ஆளு இல்ல. உக்காரப் போன ஆளு."

"உக்காரத்தான் வீட்லயே இடம் இருக்கே."

உமாராணி சாவியைப் போட்டு வாத்தியார் வீட்டைத் திறந்தாள்.

அந்தச் சாவியைக் காலையில் கொண்டுவந்து கொடுத்தவள் நளினி, காளிதாசனின் ஒரே மகள். கூலிம் ஹைடெக் பூங்காவில் ஒரு சிப் தொழிற்சாலையில் சூப்பர்வைசர். சுங்கை பட்டாணியில் தையல் கடை மாடியில் இருக்கும் உமாராணியின் அலுவலகத்துக்கு வந்து, உட்காரக்கூட இல்லாமல், ஒரு நீலப் பையை மேசைமேல் வைத்தாள். உள்ளே ஐஸ் கட்டிகளுக்கு நடுவே இன்சுலின், ஓரத்தில் ஒரு பழைய மூக்குக் கண்ணாடி. "அப்பா கையில இருக்கிறது இன்னிக்கோட தீந்துரும் அக்கா. கண்டுபிடிச்ச உடனே இதப் போடச் சொல்லுங்க." இன்றைக்குள் கண்டுபிடிக்காவிட்டால் என்ன ஆகும் என்பது அவளுக்கும் உமாராணிக்கும் ஷம்சுவுக்கும் தெரியும்.

வீட்டுக்குள் சுவர் முழுவதும் வெள்ளைச் சதுரங்கள். பல வருஷமாக ஒட்டியிருந்த வரைபடங்களைக் கிழித்தெடுத்த தடம் அது. எடுத்தவள் நளினிதான். வெள்ளிக்கிழமை வந்தவள் வீட்டைச் சுத்தம் பண்ணுகிறேன் என்று அப்பாவின் தாள்கள், படங்கள் எல்லாவற்றையும் அள்ளிப் பழைய பேப்பர் லாரிக்குப் போட்டுவிட்டாள். "இத யாருப்பா படிக்கப் போறா?" என்றும் கேட்டிருக்கிறாள். காலையில் அதை அவளே தலையைக் குனிந்துகொண்டு சொன்னாள்.

அடுப்படியில் ஒரு தட்டு, ஒரு குவளை, ஓர் ஆள் சோற்றுக்கான குட்டி ரைஸ் குக்கர். உமாராணியின் வீட்டிலும் அதே அளவு குக்கர்தான். புருஷன் போன பிறகு பெரியதைத் தூக்கி யாருக்கோ கொடுத்துவிட்டாள். வேலைக்குக் கிளம்பும்போது டிவியை ஓடவிட்டுவிட்டு வருவாள். திரும்பிப் போய்க் கதவைத் திறக்கும்போது உள்ளே ஏதாவது ஒரு குரல் இருக்க வேண்டும் அவளுக்கு. இன்சூரன்ஸ் கம்பெனியில் பொய்க் கிளெய்ம் பிடிக்கும் வேலையில் இருபது வருஷம் ஊர்ப்பட்ட பேரிடம் கேள்வி கேட்டிருக்கிறாள். அவளிடம் கேள்வி கேட்க யாருமில்லை.

நளினி விட்டுவைத்தது ஒன்றே ஒன்று, தலையணைக்கடியில் இருந்த புத்தகம். விக்டோரியா மகாராணி காலத்தில் லண்டனில் அச்சான ஒரு துப்பறியும் நாவல், பெயர் 'மலையடிவாரத்துப் பங்களா'. ஒரு காலத்தில் கப்பல் கம்பெனியில் எழுத்தராக இருந்த வெள்ளைக்காரர் எழுதியது. யாரும் சீண்டாத அந்தப் புத்தகத்துக்குப் பின்னால் இருக்கும் ஊர், ஆறு, மலை, சரித்திரம் எல்லாவற்றையும் தேடித் தேடிச் சேர்த்ததுதான் காளிதாசனின் முப்பது வருஷ வேலை. சாவியோடு நளினி கொடுத்துவிட்டுப் போன அதை உமாராணி காலையிலிருந்து படித்துக்கொண்டிருந்தாள். குருணுக்கு வரும் வழியில் ஷம்சு ஓட்டிய காடியில் உட்கார்ந்து கடைசிப் பக்கத்தையும் முடித்துவிட்டாள்.

"கதை என்னக்கா? சுருக்கமாச் சொல்லுங்க, எனக்கு இங்கிலீஷ்னா தூக்கம் வந்துரும்."

"ஜெராய் மலையடிவாரத்துப் பங்களாவுல ஒரு தொரை கொலையாறான். கொலகாரன் தெக்க ஓடி, மூடா ஆத்துக்கு அந்தாண்ட கரும்புத் தோட்டத்துல போயி ஒளியிறான். அது வெள்ளைக்காரன் மண்ணு. பினாங்குலேருந்து ஒரு துப்பறிவாளன் வாரண்டோட வரான்."

"அப்பறம் பிடிச்சிட்டானா?"

"பிடிக்கப் போற நேரத்துல அவன் சம்பான் படகுல ஏறி மறுபடி இந்தக் கரைக்கே வந்துர்றான். அந்தக் காலத்துல கெடா வெள்ளைக்காரன் கையில இல்ல. சுல்தான் இருந்தாரு, அவருக்கு மேல சயாம் இருந்துச்சு. ஆத்தத் தாண்டிட்டா அந்த வாரண்ட் வெறும் காயிதம். துப்பறிவாளன் அந்தக் கரையில ஏமாந்து நிக்கிறான். கதை முடிஞ்சிருச்சு."

"என்னாது, பிடிக்காமலே முடியுதா? இந்தப் புக்க யாரும் படிக்காததுல ஒண்ணும் தப்பில்லக்கா." ஷம்சு கைக்குட்டையில் எண்ணெயைத் துடைத்தான். "சரி, கொலை நடந்தது மலையிலதானே? அப்ப வாத்தியாரும் மலைக்குத்தான் போயிருப்பாரு. ஊரே அதத்தானே சொல்லுது?"

"ஊரு மொத அத்தியாயத்த மட்டும் கேட்டிருக்கு. கோயில் கூட்டத்துல வாத்தியார் மலையப் பத்திப் பேசுனது எல்லாருக்கும் ஞாபகம் இருக்கு." உமாராணி புத்தகத்தைத் திறந்தாள். "பங்களா வராந்தாவுல நின்னா காலையில சூரியன் கடல்லேருந்து எழும்புதாம். நீ கடலோரத்துல, யான் ஊர்ல பொறந்தவன். சொல்லு."

ஷம்சு ஒரு கணம் யோசித்தான். பிறகு வாய்விட்டுச் சிரித்தான். "எங்க ஊர்ல சூரியன் கடல்ல விழும்க்கா. எழும்பாது. மலைக்குப் பின்னாலேருந்துதான் ஏறி வரும்."

"ஆமா. எழுதுனவன் இந்த மலைய மிதிச்சதே இல்ல. கப்பல்லேருந்து பாத்திருப்பான், மிச்சத்த லண்டன்ல உக்காந்து ஒப்பேத்திட்டான். ஆனா கடைசி அத்தியாயம் அப்படி இல்ல. கொலகாரன் துடுப்பே போடல. கடல் ஏறுற நேரம், ஆறு பின்னால ஓடுது, சம்பான் தானா மேல போகுது. துப்பறிவாளன் கீழ போயித் தேடி ஏமாந்துர்றான். சேறு, கரையோர நீப்பாப் பன ஓலை, உப்புத் தண்ணி வாடை, ஒண்ணுகூடத் தப்பில்ல. அத நின்னு பாத்தவன்தான் எழுத முடியும்."

"அதாவது, புக்கு முழுக்கப் பொய்யி, அந்த ஒரு எடம் மட்டும் நெஜம்."

"முப்பது வருஷமா ஒரு மனுஷன் இந்தப் புத்தகத்தோட குடும்பம் நடத்தியிருக்காரு. அவரு கடைசியா எங்க போவாரு? பொய்யான எடத்துக்கா, நெஜமான எடத்துக்கா?"

ஷம்சு சாவியை எடுத்துக்கொண்டான். "ஆறு நீளமாச்சேக்கா. எந்த எடம்?"

"இப்ப தடுப்பணை கட்டிட்டாங்க. கடல் தண்ணி அதுக்கு மேல போகாது. ஆறு பின்னால ஓடுறதப் பாக்கணும்னா அணைக்குக் கீழ, கோல மூடா பக்கம்தான் போகணும். காடிய எடு."

அவனுடைய பழைய சாகா காடி நெடுஞ்சாலையில் முனகிக்கொண்டே போனது. மடியில் நீலப் பை. ஐஸ் உருகி, பையின் அடி ஈரமாகி, உமாராணியின் சேலை நனைந்துகொண்டிருந்தது. ஏதோ ஒன்று மனதில் இடறியது, என்னவென்று பிடிபடவில்லை. காடியிலும் அவளுக்கு வாத்தியார் வீட்டு அடுப்படி ஞாபகமாகவே இருந்தது. பயமாகவும் இருந்தது. நாற்காலி காலியாகக் கிடந்தால் என்ன செய்வது என்று நினைத்துக்கொண்டாள்.

ஆற்றோரம் ஓர் இறால் குட்டை. அதன் காவல்காரர் அம்மாசி, காடியைக் கண்டதும் குடிசையிலிருந்து வெளியே வந்தார். உமாராணி வாயைத் திறக்குமுன்னே கையை நீட்டினார்.

"வாத்தியார்தானே? அதோ உக்காந்திருக்காரு. சனிக்கெழமையிலேருந்து எங்கூடதான் தங்கியிருக்காரு. மகளுக்காகக் காத்திருக்கேன்னு சொன்னாரு. சரின்னு ஒரு பாய் போட்டுக் குடுத்தேன்."

நீல நாற்காலி ஆற்றைப் பார்த்தபடி இருந்தது. அதில் ஒல்லியான ஒரு மனிதர், சட்டையின் கழுத்துப் பொத்தானையும் போட்டுக்கொண்டு, பள்ளிக்கூடத்தில் உட்காருவதுபோல நிமிர்ந்து உட்கார்ந்திருந்தார். உமாராணிக்கு நெஞ்சு லேசாகிக் கண் கலங்கியது. மூக்கை உறிஞ்சி அதை மறைத்துக்கொண்டாள்.

"வணக்கம் சார். நான் உமாராணி. உங்க மக அனுப்புனாங்க."

காளிதாசன் கண்ணைச் சுருக்கி அவளைத் தாண்டி, காடிப் பக்கம் பார்த்தார். காடியிலிருந்து ஷம்சு மட்டும் இறங்கினான். அவன் கதவைச் சாத்தும்வரை அவர் பார்த்துக்கொண்டே இருந்தார்.

"அவ வரலையா?"

"இல்ல சார்."

"ஆள் வச்சுக் கண்டுபிடிச்சிருக்கா." அவர் குரலில் கோபம் இல்லை. அதுதான் உமாராணிக்குத் தாங்க முடியாமல் இருந்தது. "எப்படி வந்தீங்க இங்க?"

"புத்தகத்தப் படிச்சேன். கடைசிவரைக்கும்."

அவர் முகம் ஒரு நொடி மலர்ந்தது. மலர்ந்தது நிற்கவில்லை. இதைப் படித்துவிட்டு வந்திருக்க வேண்டியவள் வேறு ஒருத்தி அல்லவா? அவர் பையை வாங்கி, ஊசியைப் போட்டுக்கொண்டார். அம்மாசி கஞ்சி கொண்டுவந்து வைத்தார். பாதி குடித்துவிட்டு உமாராணி பக்கம் திரும்பினார்.

"அந்தக் கடைசி அத்தியாயத்துல ஒரு ஆள் நிக்கிறான், கவனிச்சீங்களா?"

"கரும்பு வெட்டுறவன். கையில கத்தியோட தண்ணியில நிக்கிறான். தமிழன்னு ஒரு வார்த்தை வருது, அவ்வளவுதான்."

"அவ்வளவுதான்!" அவர் நாற்காலிக் கையைத் தட்டினார். "நம்ம சனம் கித்தா மரத்துக்கு, அதான் ரப்பர் தோட்டத்துக்கு, வந்தது பின்னாடி. அதுக்கு முன்ன அந்தக் கரையில கரும்பு வெட்டத்தான் கப்பலேத்திக் கொண்டுவந்தாங்க. அவன் அங்கதான் நிக்கிறான். சம்பான் மேல போறத முழுசாப் பாக்குறான். துப்பறிவாளன் அவனத் தாண்டித்தான் கீழ ஓடுறான். 'எந்தப் பக்கம் போனான்'னு ஒரு வார்த்தை கேட்டிருந்தா கொலகாரன் மாட்டியிருப்பான். கேக்கல. எழுதுனவனும் கேக்கல. அவனுக்குப் பேருகூட வைக்கல. அவன் என்ன பாத்தான், யாரு அவன், எந்தத் தோட்டம்னு நான்தான் கேட்டுக்கிட்டுத் திரிஞ்சேன்."

"அந்தத் தாளெல்லாம்தான் லாரியில போயிருச்சா, வாத்தியாரே?" என்றான் ஷம்சு. அவனுக்கே அப்போது கேலி வரவில்லை.

"போகட்டும். தாளு என்ன தாளு." அவர் எதிர்க்கரையைக் காட்டினார். "நளினி சின்னப் புள்ளையா இருக்கையில அந்தக் கரைக்குத்தான் மோட்டார் சைக்கிள்ல வச்சுக் கூட்டிட்டுப் போவேன். அவன் நின்ன எடத்துல அவள நிக்க வச்சு முழுக் கதையும் சொல்லுவேன். கண்ண விரிச்சுக் கேப்பா. இப்ப அங்க தனியாப் போயி நிக்க எனக்கு மனசு வரல. அதான் இந்தப் பக்கம் வந்து, அந்த எடத்தப் பாத்து உக்காந்துட்டேன். அவளுக்குத் தெரியும், தேடி வருவான்னு நெனச்சேன்."

"கண்ணாடி என்ன ஆச்சு சார்?"

"வந்த அன்னிக்கே மொகம் கழுவக் குனிஞ்சேன், ஆத்துல விழுந்துருச்சு. இப்ப எல்லாம் மங்கல்தான். ஆனா ஒண்ணு சொல்றேன், சிரிக்காதீங்க." அவர் குரலைத் தாழ்த்தினார். "நேத்து சாயங்காலம் அந்தக் கரையில ஒரு உருவம் நின்னுச்சு. அதே எடத்துல. அசையாம, என்னையே பாத்துக்கிட்டு. அவன்தான் வந்துட்டானோன்னு தோணுச்சு. கைய ஆட்டினேன். பேசாமப் போயிருச்சு."

உமாராணி சிரிக்கவில்லை. மனதில் இடறிக்கொண்டே இருந்தது சட்டென்று தெளிந்தது. பையை எடுத்துச் சாய்த்துக் காட்டினாள். சொட்டுச் சொட்டாகத் தண்ணீர் விழுந்தது.

"ஷம்சு, ஐஸ் எவ்வளவு நேரம் தாங்கும்?"

"இந்த வெயில்லயா? அரை நாள்."

"அப்பா எங்க இருக்காரு, இருக்காரா இல்லையான்னே தெரியாத ஒருத்தி ஐஸ்ல வச்சு மருந்து குடுப்பாளா? பெட்டியோட குடுத்துட்டு அழுவா. அரை நாளுக்குள்ள நான் போய்ச் சேந்துருவேன்னு அவளுக்குத் தெரிஞ்சிருக்கு. கண்ணாடியும் குடுத்திருக்கா. இவரு போட்டுட்டுப் போனதக் குணவதி பாத்திருக்கா. அது தண்ணியில போனது நளினிக்கு எப்படித் தெரியும்?"

"எப்படி?"

"நேத்து அக்கரையில நின்னது அவதான். இவரு மொகத்துல கண்ணாடி இல்லாதத நேராப் பாத்திருக்கா. அதுல தெரிஞ்சுக்கிட்டா."

அவள் கைப்பேசியை எடுத்து நளினிக்கு அடித்தாள். ஒரே மணியில் எடுத்துவிட்டாள்.

"மருந்து போட்டுக்கிட்டாரா அக்கா?"

கண்டுபிடித்தீர்களா என்று கேட்கவில்லை என்பதை உமாராணி கவனித்தாள். "நீங்க இப்ப எங்க இருக்கீங்க, நளினி?"

"வீட்ல. கூலிம்ல. இன்னிக்கு வேலைக்குப் போகல, ச்சூத்தி போட்டுட்டேன்."

ஆற்றில் ஒரு மீன்பிடிப் படகு தடதடவென்று வந்தது. அதே தடதடப்பு கைப்பேசிக்குள்ளும் கேட்டது.

"கூலிம்ல படகு ஓடுதா, நளினி?"

படகு தாண்டிப் போன பிறகு அழுகை கேட்டது. உமாராணி எதிர்க்கரையைப் பார்த்தாள். நீப்பா புதருக்குப் பக்கத்தில், மஞ்சள் சட்டையில் ஓர் உருவம், காதில் கையை வைத்துக்கொண்டு நின்றது.

"நேத்தே வந்தேன் அக்கா," என்றது குரல். "அப்பா இங்கதான் இருப்பாருன்னு நேரா இங்க வந்தேன். பாத்தா அந்தப் பக்கம் இருக்காரு. கதையில அந்தப் பக்கம் போயிட்டா யாரும் தொட முடியாது. நான் செஞ்சதுக்கு, என் மூஞ்சியிலேயே முழிக்க வேணாம்னுதான் அங்க போயிட்டாருன்னு நெனச்சேன். கைய ஆட்டுனாரு. போ போன்னு சொல்றாருன்னு ஓடிட்டேன். எனக்குப் பாலத்தத் தாண்டி வர தைரியம் இல்லக்கா. அதான் உங்ககிட்ட வந்தேன்."

ஷம்சு பக்கத்தில் வந்து முணுமுணுத்தான். "அப்ப கண்டுபிடிக்கிறதுக்கு நம்மள கூப்புடவே இல்லையாக்கா?"

"இல்ல. கூப்புட்டது வேற ஒண்ணுக்கு," என்றாள் உமாராணி. பையின் ஓரத்திலிருந்த பழைய கண்ணாடியை எடுத்துத் துடைத்தாள். காளிதாசனின் மூக்கில் அவளே மாட்டிவிட்டாள்.

"இப்ப பாருங்க சார். உங்க சாட்சி மறுபடி வந்திருக்கு."

அவர் பார்த்தார். எழுந்து நின்றார். கையை உயர்த்தப் போனவர் பாதியிலேயே நிறுத்திக்கொண்டார். ஆட்டினால் மறுபடி ஓடிவிடுவாளோ என்று பயந்தாரோ என்னவோ. உமாராணி கைப்பேசியை அவர் காதில் வைத்தாள். ஒலியைக் கூட்டியிருந்ததால் எல்லோருக்கும் கேட்டது.

நளினி மன்னிப்புக் கேட்பாள் என்று ஷம்சு எதிர்பார்த்தான். உமாராணியும் அப்படித்தான் நினைத்தாள்.

"அப்பா," என்றாள் நளினி. "அந்தக் கரும்பு வெட்டுறவன் என்னப்பா பாத்தான்?"

காளிதாசன் கண்ணாடியைக் கழற்றி, சட்டை நுனியால் துடைத்து, மறுபடி போட்டுக்கொண்டார். "அது பெரிய கதைம்மா. போன்ல முடியாது," என்றார். "பாலத்தச் சுத்தி வா. பைய வா, ரோட்ல லாரி ஓடும்."

மஞ்சள் சட்டை புதருக்குப் பின்னால் ஓடி மறைந்தது. கடல் ஏறத் தொடங்கியிருந்தது. ஆற்றில் மிதந்த ஒரு நீப்பா மட்டை மெல்லத் திரும்பி மேல்நோக்கிப் போனது. காளிதாசன் அதைப் பார்க்கவில்லை. மூன்று நாளாக ஆற்றைப் பார்த்துக் கிடந்த நாற்காலியைத் தூக்கி, ரோட்டைப் பார்த்துத் திருப்பிப் போட்டார்.

"வேல முடிஞ்சுதேக்கா, கெளம்பலாமா?" என்றான் ஷம்சு.

உமாராணி தன் வீட்டை நினைத்துக்கொண்டாள். டிவி யாருமில்லாத கூடத்தில் பேசிக்கொண்டிருக்கும். அது இன்னும் கொஞ்ச நேரம் பேசட்டும்.

"இரு ஷம்சு. கரும்பு வெட்டுறவன் என்ன பாத்தான்னு எனக்கும் தெரியணும்." அவள் வாத்தியாரிடம் திரும்பினாள். "சொல்லுங்க சார்."

"ஊஹூம்." காளிதாசன் ரோட்டிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. "மொதல்ல அவ வரட்டும். அவதான் மொதல்ல கேட்டா. நீங்க உக்காருங்க. சாப்டீங்களா?"

உமாராணியிடம் அப்படி யாரும் கேட்டு ரொம்ப நாளாகியிருந்தது. அம்மாசி குடிசையிலிருந்து ஒரு பலகையை இழுத்து வந்து போட்டார். சாப்பிடவில்லை என்று தலையாட்டிவிட்டு அவள் உட்கார்ந்தாள்.